க்ரூப் மெசேஜுக்கு யாரும் ஹார்ட் கூட போடலையே!

கேள்வி: அக்கா, நான் ஒரு முதியோர் இல்லத்துல சூப்பர்வைசரா இருக்கேன். பத்து நாளா ஃப்ளூ பரவி பாதிப் பேர தனித்தனி ரூம்ல வெச்சிருக்கோம், பார்க்க வர்றவங்களையும் நிறுத்தியாச்சு. கேர்டேக்கர்ஸ்ல மூணு பேர் படுத்துட்டாங்க, மீதிப் பேர் டபுள் ஷிஃப்ட் பாக்கறாங்க. போன வாரம் ஒரு தாத்தா இறந்துட்டார், மூணு வருஷமா அவர குளிப்பாட்டி ஊட்டிவிட்ட பொண்ணு அன்னைலேர்ந்து யார்கிட்டயும் பேசறதில்ல. தினமும் க்ரூப்ல "நீங்கதான் எங்க தெய்வம்"னு போடறேன், யாரும் ஒரு ஹார்ட் கூட போடல. எப்படித்தான் தைரியம் சொல்றது?

பதில்: தம்பி, முதல்ல அந்த தெய்வம்ங்கற வார்த்தைய விட்டுடுங்க. தெய்வம்னு சொல்லிட்டா அப்புறம் அவங்க "முடியல சார்"னு எப்படி வாயத் திறப்பாங்க?

நானும் நர்ஸா இருந்தவதான். 2020ஐ நர்ஸுங்க ஆண்டுன்னு உலக சுகாதார நிறுவனம் முன்னாடியே அறிவிச்சிருந்துச்சு, நைட்டிங்கேல் அம்மா பொறந்து 200 வருஷம்னு. அந்த வருஷமே கொரோனா. எங்களுக்கு கை தட்டினாங்க, சந்தோஷம்தான், ஆனா எனக்கு இன்னிக்கும் மறக்காதது வேற. பிபிஇ கிட் போட்டா பாத்ரூம் போக முடியாதேன்னு தண்ணியே குடிக்காம ஆறு மணி நேரம் நின்னுட்டு, மூக்கு மேல மாஸ்க் அழுத்தி தோல் உரிஞ்சு வெளிய வந்தேன், வாசல்லயே ஒரு சீனியர் சிஸ்டர் தண்ணி பாட்டிலோட நின்னுட்டு "நீ போய் படு, அந்த பேஷண்ட்டோட பொண்ணுக்கு நான் போன் பண்ணி சொல்லிடறேன்"னாங்க. அவ்ளோதான், அழுதுட்டேன்.

அதனால நீங்களும் ஒரு வேலைய அவங்க கைலேர்ந்து வாங்கிக்கங்க. குடும்பத்துக்கு போன் பண்ணி நிலவரம் சொல்றத ஆபீஸ்ல ஒருத்தர் பாக்கட்டும், இல்லன்னா ராத்திரி முழுக்க கேர்டேக்கரோட சொந்த நம்பருக்குத்தான் அடிச்சுட்டே இருப்பாங்க. காய்ச்சல் ரூமுக்கெல்லாம் முடிஞ்சவரை ஒரே டீம் போகட்டும், தொத்து பரவறதும் குறையும், மத்தவங்க பயமும் குறையும். லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்கன்னா ஜுரத்த மறைச்சுட்டு டூட்டிக்கு வருவாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, அதனால சம்பளத்தோட லீவுன்னு மேனேஜ்மென்ட்கிட்ட சண்ட போட்டாவது வாங்கிக் குடுங்க. இத செய்யாம வேற எது செஞ்சாலும் ஒட்டாது.

இன்னொண்ணு, மாஸ்க் போட்டா காது சரியா கேக்காத பெரியவங்களுக்கு வாய் அசையறதும் தெரியாது, யார் வந்திருக்கான்னே தெரியாம மிரளுவாங்க. சிரிச்ச முகமா ஒரு போட்டோ எடுத்து கவுன்ல ஒட்டிக்கச் சொல்லுங்க. "ஓ, நீயா!"ன்னு ஒரு பாட்டி சொன்னாலே நம்ம பிள்ளைங்களுக்கும் தெம்பு வரும்.

அந்தப் பொண்ணு விஷயம்தான் என்னால கடந்து போக முடியல. உறவுக்காரங்களுக்கு எல்லாரும் ஆறுதல் சொல்லுவாங்க, மூணு வருஷம் தொட்டுப் பாத்தவள யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க போய் பக்கத்துல உக்காருங்க, தாத்தா பேரச் சொல்லியே பேசுங்க. படுத்த படுக்கையா இருந்தவர்னா, முதுகுல புண் வராம ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போட்டிருப்பா இல்ல, அதச் சொல்லுங்க. "கடைசி வரைக்கும் அவருக்கு ஒரு புண் இல்ல, அது உன் கைம்மா"ன்னு. அவ அழுதா அழட்டும், அவசரப்பட்டு தேத்தாதீங்க. அந்த ரூமுக்கு அடுத்த ஆள் வந்தா அவளயே உடனே போடாதீங்க. ரெண்டு வாரமாகியும் தூக்கம் சாப்பாடு இல்லன்னா டாக்டர்கிட்ட நீங்களே கூட்டிட்டு போங்க, வாழ்ந்து என்னன்னு ஒரு வார்த்தை வந்தா அன்னிக்கே போங்க, தனியா விடாதீங்க.

இன்னிக்கு ராத்திரி க்ரூப்ல ஒண்ணே ஒண்ணு போடுங்க தம்பி, நாளைக்கு யார் யாருக்கு லீவு, அவங்க ஷிஃப்ட்ட யார் பாக்கறாங்கன்னு பேரோட. அதுல ஒரு ஷிஃப்ட்ல உங்க பேரும் இருக்கட்டும்.