பட்டறைக்கும் கல்லூரிக்கும் ஆய்வு நிதி: வாசகர் கேள்வி பதில்

நெல்லை, தென்காசி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து.

பத்தமடையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பாய்க் கோரையைக் கீற ஒரு மெஷின் செய்தேன். பாதிதான் வேலை செய்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் மானியக் கடன் என்கிறார்கள். திருப்பிக் கட்ட வேண்டாத ஆராய்ச்சிப் பணம் இருக்கிறதாமே, அண்ணாச்சி, அது எங்கே கிடைக்கும்?

இருக்கிறது அண்ணாச்சி. தொழில் மையம் சொன்னதும் தப்பில்லை. அவர்களிடம் இருப்பவை நீட்ஸ், பி.எம்.இ.ஜி.பி. மாதிரித் திட்டங்கள், வங்கி கடன் கொடுத்தால் அதில் ஒரு பங்கை அரசு ஏற்கும். அதெல்லாம் ஓடுகிற மெஷினை வைத்துத் தொழில் நடத்த. பாதி ஓடுகிற மெஷினைக் கடன் வாங்கிச் சரிசெய்யப் போனால், மெஷின் ஓடாவிட்டாலும் தவணை ஓடும்.

உங்களுக்கு மூன்று வாசல்கள். முதலாவது, சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் இன்னோவேஷன் வவுச்சர். தொடக்க நிலை யோசனைக்கு 2 லட்சம் வரை, அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் வரை. இரண்டாவது, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ். மாதிரி செய்ய 10 லட்சம் வரை. டெல்லிக்கு எழுத வேண்டாம். பிரயாஸ் மையமாக இயங்கும் இன்குபேட்டரிடம்தான், அதாவது புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையத்திடம்தான், விண்ணப்பம். கையில் தொட்டுப் பார்க்கிற பொருளுக்கு மட்டும்தான், வெறும் மென்பொருளுக்குக் கிடையாது. மூன்றாவது, சிறு குறு தொழில் அமைச்சகத்தின் இன்குபேஷன் திட்டம். ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை, அங்கீகரிக்கப்பட்ட கல்லூரி ஒன்றின் வழியாக. லேத் பட்டறைக்கு நாங்கள் முதலில் வவுச்சரையே சொல்வோம். தொகை சிறிது, எழுத வேண்டியதும் சிறிது.

இனி எழுதுவது. 'பாய் முடையும் பெண்களின் வாழ்வு மலரும்' என்று இரண்டு பக்கம் எழுதினால் மதிப்பீட்டாளர் புரட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு வேண்டியது: இன்று கையால் கீறும்போது ஒரு தண்டிலிருந்து எத்தனை இழை, ஒரு இழை எத்தனை மில்லிமீட்டர் அகலம், நூறு தண்டுக்கு எத்தனை முறிகிறது, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு. இதே நான்கும் உங்கள் மெஷினில் எவ்வளவு. இரண்டு பக்கத்து எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். கோரைத் தண்டு அடியில் தடித்து நுனியில் மெலியும். பிளேடு நடுவிலிருந்து விலகுவது அதனால் என்றால் அதை எழுதுங்கள். ஊறிய கோரையில் சரியாகப் போய், காய்ந்ததில் முறிகிறதா? அதையும் எழுதுங்கள். எது தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ள என்ன சோதனை, எத்தனை மாதம், எவ்வளவு செலவு. ஆய்வு நிதி அந்தத் தெரியாத பகுதிக்குத்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று ஜம்பமாக எழுதினால், பிறகு எதற்குப் பணம் என்று கேட்பார்கள், நியாயம்தானே.

பட்ஜெட்டில் மொத்தமாக 'மெஷின் செலவு 4 லட்சம்' என்று போடாதீர்கள். மோட்டார், பிளேடு, பேரிங், உருளை, வெளியில் செய்யும் வேலை, சோதனை என்று பிரியுங்கள். விலை கூடிய சாமான்களுக்கு மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். அதில் தேதி, ஜி.எஸ்.டி. எண், வரி தனியாக இருக்க வேண்டும். பலர் வரி இல்லாத விலையைப் போட்டுவிட்டு, 18 சதவீதம் கைக்காசிலிருந்து கட்டுகிறார்கள். லேப்டாப், மேஜை நாற்காலி, கட்டட வாடகை முதலில் வெட்டுப்படும். உங்கள் பட்டறையிலேயே செய்துவிட்டு உங்களுக்கே பில் போடலாமா என்பதை முன்கூட்டி எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள்.

ஒன்று விட்டுப்போகக்கூடாது. கண்காட்சியில் வைக்கும் முன், யூடியூபில் போடும் முன், காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். 12 மாதத்துக்குள் முழு விவரணம் தர வேண்டும். தவறினால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

திசையன்விளையில் பதனீர் காய்ச்சும் புகையில்லா அடுப்பு செய்யும் கம்பெனி தொடங்கி 18 மாதம். ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதிக்குப் போடலாமா? பிரயாஸில் ஏற்கெனவே 10 லட்சம் வாங்கியிருக்கிறோம்.

போடலாம், ஆனால் மயிரிழையில் தப்பியிருக்கிறீர்கள். வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கக்கூடாது என்பது விதி. சரியாக 10 என்றால் பரவாயில்லை. இடையில் ஆசைப்பட்டு 2 லட்சம் வவுச்சரும் வாங்கியிருந்தால் கதவு சாத்தியாயிற்று. போட்டிகளில் வென்ற பரிசுப் பணம் இந்தக் கணக்கில் வராது.

விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனி பதிவாகி இரண்டு ஆண்டு தாண்டியிருக்கக்கூடாது. உங்களுக்கு ஆறு மாதம்தான் மிச்சம். டி.பி.ஐ.ஐ.டி. (மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் கையில் இல்லையென்றால் இன்றே அதைத் தொடங்குங்கள். கம்பெனியாக இல்லாமல் ஒருவர் பெயரில் மட்டும் உள்ள கடையாக நடத்தினால் அது கிடைக்காது. மாதிரிக்கும் சோதனைக்கும் 20 லட்சம் வரை மானியம், மைல்கல் பார்த்துத் தவணையாக வரும். சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை உண்டு, ஆனால் அது கடன் அல்லது கடன்பத்திரம். அந்த 50 லட்சத்தையும் மானியம் என்றே நினைத்துத் திட்டம் போடுகிறவர்கள் நிறைய. மூன்று இன்குபேட்டர்கள் வரை வரிசைப்படுத்தித் தேர்ந்தெடுக்கலாம். பெரிய பெயரைப் பார்க்காமல், வேளாண்மை, உணவு, எரிசக்தி தெரிந்தவர்களாகப் பாருங்கள். இது 2021-ல் 945 கோடியில் நான்காண்டுத் திட்டமாகத் தொடங்கியது என்பதால், எழுத உட்காரும் முன் இணையதளத்தில் விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விதை நிதி அமையாவிட்டால் வேளாண் அமைச்சகத்தின் ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனா: யோசனை நிலைக்கு 5 லட்சம், விதை நிலைக்கு 25 லட்சம் வரை. திருநெல்வேலியிலேயே ஸ்டார்ட்அப் டி.என். என்ற தமிழக அரசு அமைப்பின் வட்டார மையம் இருக்கிறது. இன்குபேட்டரைத் தேடிக் கோவைக்குப் பஸ் ஏறும் முன் அங்கே ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

ஆலங்குளத்தில் ஒருவர், 50,000 முன்பணம் கொடுத்தால் 20 லட்சம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

வேண்டாம். எந்தத் திட்டத்திலும் ஏஜென்ட் என்று ஒருவர் கிடையாது. விண்ணப்பத்தைத் திருத்தித் தர ஒருவருக்குக் கூலி கொடுப்பது வேறு. பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் கேட்டால் பேச்சை அதோடு நிறுத்துங்கள்.

பாளையங்கோட்டையில் சுயநிதிக் கல்லூரி உதவிப் பேராசிரியை. செர்ப் (மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) திட்டத்துக்கு எழுதி வைத்திருந்தேன், இப்போது அந்தப் பெயரே இல்லையே?

2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்து, செர்ப் அதில் சேர்ந்துவிட்டது. பழைய படிவத்தில் எழுதியதை அப்படியே ஏற்றாதீர்கள் அம்மா. ஒவ்வொரு அழைப்பிலும் வயது, பணி நிலை, பக்க அளவு எல்லாம் தனியாகக் கொடுத்திருப்பார்கள்.

சுயநிதிக் கல்லூரிகளில் விண்ணப்பம் கவிழ்வது பெரும்பாலும் அறிவியலில் இல்லை. பிரின்சிபாலின் ஒப்புதல் கடிதம் அழைப்பில் கொடுத்த வாசகத்திலேயே இருக்க வேண்டும். கல்லூரி தன் பாணியில் எழுதிக் கொடுத்தால் செல்லாது. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு என்.ஜி.ஓ. தர்பன் எண் (தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் தளத்தின் பதிவெண்) கேட்பார்கள், பி.எஃப்.எம்.எஸ். (மத்திய அரசு பணம் அனுப்பிக் கண்காணிக்கும் தளம்) பதிவு கேட்பார்கள். கடைசி நாள் மாலையில் இவற்றைத் தேடி ஆபீஸுக்கு ஓடினால் ஆள் இருக்காது. வேண்டிய கருவி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலோ இருந்தால், வாங்கக் கேட்காமல் பயன்பாட்டுக் கட்டணம் கேளுங்கள். பட்ஜெட் பாதியாகும், கூடவே அவர்களின் சம்மதக் கடிதமும் பலம்.

வள்ளியூர் பக்கம் கல்லூரி. மத்திய அரசுத் திட்டத்தில் முதல் தவணை செலவாகி ஐந்து மாதமாகியும் இரண்டாவது வரவில்லை. மூன்று முறை மெயில் போட்டாயிற்று.

மெயில் போடுவதை விட்டுவிட்டு, வந்த பணம் எப்படிச் செலவானது என்று நீங்கள் கொடுத்த பயன்பாட்டுச் சான்றிதழைத் திருப்பிப் பாருங்கள். அது 2017 பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் இருக்க வேண்டும். பழைய 19-ஏ படிவத்தைக் கொடுக்கும் ஆடிட்டர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்து, சான்றிதழில் உள்ள தொகையும் செலவு அறிக்கையின் தொகையும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகிறதா பாருங்கள். அனுமதி ஆணைத் தேதிக்கு முந்தைய பில் ஒன்று உள்ளே இருந்தாலும் கோப்பு நிற்கும். கருவிக்குக் கம்பெனியிடம் கொடுத்த முன்பணம் செலவு ஆகாது. கருவி வந்து இருப்புப் பதிவேட்டில் ஏறிய பிறகே செலவு. பயணத் தலைப்பில் மிஞ்சியதை ரசாயனத்துக்கு எடுத்திருந்தால், அனுமதிக் கடிதம் எங்கே என்பார்கள்.

பலர் மறப்பது வட்டி. மானியம் கணக்கில் கிடந்த நாளுக்கு வங்கி கொடுத்த வட்டி உங்களுடையதல்ல, இந்தியத் தொகுநிதிக்கு, அதாவது மத்திய அரசின் கணக்குக்கு, போக வேண்டும். 412 ரூபாய் என்றாலும், மத்திய அரசுக்குப் பணம் செலுத்தும் பாரத் கோஷ் தளத்தில் கட்டி, ரசீதின் நகலைச் சான்றிதழோடு இணைத்து அனுப்புங்கள்.