விருந்துக்குப் பின் பேதி: நர்ஸம்மா கேட்டால் கொடுக்கலாமா?

தங்கச்சிமடம் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “கொழுந்தனார் மகளுக்கு வீட்டிலேயே நிச்சயம் வைத்தோம். நண்டு, இறால், கணவாய் என்று நல்ல சாப்பாடு. மறுநாள் காலையிலிருந்து தெருவில் பத்துப் பதினைந்து பேருக்கு வயிற்றாலே போனது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளித்துவிட்டோம். இப்போது நர்ஸம்மாவும் ஹெல்த் இன்ஸ்பெக்டரும் வந்து யார் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார்கள், மலம் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். நாங்கள் எல்லாரும் கடல் தொழிலை நம்பி இருக்கிறோம். எங்கள் நண்டுக்குக் கெட்ட பேர் வந்தால் யார் வாங்குவார்கள்? கொடுக்கத்தான் வேண்டுமா?”

கொடுங்கள் அம்மா. நண்டின் மேல் வீண்பழி விழாமல் காப்பாற்றக்கூடியதும் அந்தச் சோதனைதான்.

சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் ஆரம்பித்தது என்று அவர்கள் கேட்பதில் பாதி விடை இருக்கிறது. ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியாக வந்தால், சமைத்தவர் கைப்புண்ணிலிருந்து வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் நஞ்சைச் சந்தேகிப்போம். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. காய்ச்சலோடு ஓரிரு நாளில் வந்தால் சால்மோனெல்லாவாக இருக்கலாம். கடல் உணவு சாப்பிட்டு மறுநாள் வயிற்றுவலியும் தண்ணீராகப் பேதியும் என்றால், என் முதல் சந்தேகம் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ். 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் சிறு மீன் சாப்பிட்டவர்களிடம் முதலில் கண்டறியப்பட்ட கிருமி இது. வெதுவெதுப்பான கரையோர உப்புநீரில் இயல்பாகவே வாழும். அசுத்தத்தால் வருவதல்ல, நண்டிலும் இறாலிலும் சிப்பியிலும் ஒட்டிக்கொண்டே கரைக்கு வரும்.

நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். அப்படியானால் வெந்த நண்டைச் சாப்பிட்டவர்களுக்கு எப்படி வந்தது? பச்சை நண்டு வைத்திருந்த அதே அன்னக்கூடையைக் கழுவாமல், வெந்ததை அதிலேயே திரும்பக் கொட்டுவதுதான் வழக்கமான வழி. அப்புறம் பந்தி முடியும் வரை பந்தல் சூட்டில் கிடக்கும். தோதான சூட்டில் இந்தக் கிருமி சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் மூன்று மணி நேரம் போனால் ஒன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டும். விஷயம் இதுதான் என்று தெரிந்துவிட்டால் மாற்ற வேண்டியது ஒரு கூடையை மட்டும்தான். தெரியாமல் போனால்தான் ‘அந்த ஊர் நண்டே ஆகாது’ என்ற பேச்சு பரவும்.

சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்பார்கள். எரிச்சல்பட வேண்டாம். நோய் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நண்டு சாப்பிட்டார்கள் என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. வராதவர்களிலும் முக்கால்வாசிப் பேர் சாப்பிட்டிருந்தால் நண்டு குற்றவாளியே இல்லை. விருந்துக்கே வராத வீடுகளிலும் பேதி இருந்தால் பார்வை தண்ணீர் பக்கம் திரும்பும். காவிரிக் குழாயா, டேங்கரா, ஊற்றா என்று விசாரித்து, குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அரிசி கழுவிய தண்ணீர் போலப் போவதாக யாராவது சொன்னால், காலரா இல்லை என்று உறுதியாகும் வரை அவர்கள் தூங்க மாட்டார்கள்.

மலத்தைத் தொட்ட பஞ்சுக் குச்சியை ‘கேரி பிளேர்’ என்ற கெட்டிக் கூழ் உள்ள குழாயில் செருகி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நம் பக்கத்தில் எதையும் ஐஸில் போடும் பழக்கம் உண்டு. விப்ரியோ சந்தேகம் என்றால் இந்தக் குழாயை ஐஸில் வைக்கக் கூடாது. குளிர் அந்தக் கிருமிக்கு ஆகாது. ஆய்வகத்தில் பச்சை நிற ஊடகத் தட்டில் தேய்த்து வைத்தால் ஒரு நாளில் புள்ளி புள்ளியாக வளரும். காலரா கிருமி மஞ்சளாகவும், நான் சந்தேகப்படும் கிருமி பச்சையாகவும் தெரியும். பிறகு உப்பில்லாத ஊடகத்தில் போட்டுப் பார்ப்பார்கள். பாராஹீமோலிட்டிக்கஸ் அதில் வளராது. கடலில் பிறந்ததற்கு உப்பு வேண்டும்.

இந்தச் சிறு குச்சியின் பெறுமதிக்குக் கல்கத்தாவே சாட்சி. 1996 பிப்ரவரியில், அங்குள்ள தொற்றுநோய் மருத்துவமனையின் பேதி நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளில் பாராஹீமோலிட்டிக்கஸின் ஓ3:கே6 என்ற புது வகை திடீரென்று பெருகியது தெரிந்தது. பின்னர் அது தென்கிழக்கு ஆசியாவிலும் ஜப்பானிலும் தென்பட்டது. 1998இல் அமெரிக்காவின் டெக்சாஸில் சிப்பி சாப்பிட்ட நானூறுக்கும் மேற்பட்டோரை அதே வகைதான் படுக்க வைத்தது.

நம் நாட்டில் 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இதைத்தான் செய்கிறது. கிராமச் செவிலியர் பார்த்தது, டாக்டர் கண்டது, ஆய்வகம் உறுதி செய்தது என்று மூன்று வழியாகத் தகவல் போகும். முன்பு வாரம் ஒருமுறை தாளில் போனது, இப்போது இணையத்தில் போகிறது. ஆனால் மெடிக்கலில் வாங்கிய மாத்திரை இதில் எங்கேயும் பதிவாகாது. உங்கள் தெருவில் பதினைந்து பேர், பாம்பனில் எட்டுப் பேர், மண்டபத்தில் ஆறு பேர் என்று ஒரே நாளில் மெடிக்கலோடு முடித்துக்கொண்டால், கணக்கில் அது பூஜ்யம். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான்.

ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் கிருமி வளராமல் போகலாம். மாத்திரை போடாதவர், இன்னும் போய்க்கொண்டிருப்பவர் இருந்தால் அவர் முதலில் கொடுக்கட்டும். ஃபினைல் படாத, சிறுநீர் கலக்காத சுத்தமான டப்பா போதும். மிச்சக் குழம்பு ஃபிரிட்ஜில் இருந்தால் கொட்டாதீர்கள். அப்படியே அவர்களிடம் காட்டுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொடுங்கள். குழந்தைகளுக்கு ஜிங்க் மாத்திரை 14 நாள். பேதியை நிறுத்தும் மாத்திரை வேண்டவே வேண்டாம். மலத்தில் ரத்தம், சிறுநீர் வராமை, அசந்து கிடப்பது இருந்தால் ஜி.எச்.சுக்குக் கிளம்புங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்கள் அரைவேக்காட்டு நண்டு, சிப்பியைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கு இதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு விப்ரியோ உயிருக்கே ஆபத்து.