மூங்கில் கேள்வி-பதில்: மூன்று வயதாகும்வரை கத்தி வைக்காதீர்கள்

இந்த மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாமே நம் வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் சாதாரண மூங்கிலைப் பற்றியவை. மலாயில் மூங்கிலுக்குப் பூலோ என்று பெயர்: பச்சையாக இருந்தால் பூலோ மின்யாக், மஞ்சளாக இருந்தால் பூலோ காடிங். இரண்டும் ஒரே இனம்தான்.

விதை எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. இது பூப்பதே அபூர்வம், விதையும் பிடிக்காது. நடுவதற்கு மட்டும் இரண்டு வயதுக் கழியில் மூன்று கணு உள்ள துண்டாக வெட்டி, படுக்கவைத்து, நாலு விரல் மண் மூடுங்கள். ஈரம் காய விடாதீர்கள்.

வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நடலாம்?

குறைந்தது 5 மீட்டர். சாக்கடை ஓரம் வேண்டவே வேண்டாம்.

பயற்றங்காய்ப் பந்தலுக்கு நட்ட கழியில் ஊசித் துளை விழுந்து மாவு கொட்டுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

கழிக்கு எத்தனை வயது, வெட்டி எத்தனை நாள் என்று ஒரு வார்த்தை இல்லை. மருந்து மட்டும் வேண்டுமாம்! துளைப்பது ஒரு சின்ன வண்டு. இந்த மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், அதைத் தேடித்தான் வருகிறது. துளைத்த பிறகு அடிக்கும் மருந்தால் பெரிய பலன் இல்லை. வெட்டும்போதே கவனிக்க வேண்டும்.

கோயில் திருவிழா நெருங்கினால் போதும், பாராங் என்ற வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கைக்கு எட்டிய வெளி ஓரத்துக் கழியை வெட்டுகிறார்கள். ஓரத்தில் நிற்பதுதான் இளசு. காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும். முற்றிய கழிகளோ நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றபடியே செத்துப்போகின்றன. நல்ல புதர்கள் இப்படித்தான் பாழாகின்றன, பார்க்கவே வயிறு எரிகிறது. ஒரு பக்கம் லாட வடிவில் வழி திறந்து உள்ளே போய் வெட்டுங்கள். பளபளப்பான பச்சையும், அடிக்கணுவில் ஒட்டிய மட்டையும் இருந்தால் இளசு. தோல் மங்கி, சாம்பல் திட்டுகள் படர்ந்து, பாராங்கின் முதுகால் தட்டினால் கணீரென்றால் மூன்று வயது தாண்டியது.

வெட்டிய கழியை ஓடும் தண்ணீரில் ஒன்றிரண்டு மாதம் அமிழ்த்தி, நிழலில் காயவையுங்கள். வீட்டுக்குள் வைக்கும் சாமானென்றால், உள்கணுக்களைக் கம்பியால் குத்தித் திறந்து, 100 லிட்டர் தண்ணீருக்குப் போராக்ஸும் போரிக் ஆசிடும் சேர்த்து 5 கிலோ கரைத்து, இரண்டு வாரம் ஊறப்போடுங்கள். மழையில் நிற்கும் பந்தலுக்கு இது உதவாது, கரைந்துவிடும்.

ரெபோங் (மூங்கில் குருத்து) கசக்கிறதே?

அந்தக் கசப்பில் சயனைடு உண்டு, பச்சையாகத் தொடாதீர்கள். மெல்லியதாக நறுக்கி, மூடியில்லாமல் அரைமணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசப்பு மிச்சமிருந்தால் மறுபடியும் செய்யுங்கள். சுவைக்கு பூலோ பெத்தோங் என்ற வேறு மூங்கிலின் குருத்துதான்.

பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) லெமாங் சுட, அதாவது மூங்கிலுக்குள் புளுட் அரிசி வைத்துச் சுட, எங்கள் மூங்கிலைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

இதன் சுவர் தடிமன், சரிவராது. அதற்கென்று மெல்லிய சுவருள்ள பூலோ லெமாங் இருக்கிறது.

புதருக்குள் கொசு மொய்க்கிறது. வெட்டி அழித்துவிடலாமா?

அழிக்க வேண்டாம். வெட்டிய அடிக்கட்டைகளை எட்டிப் பாருங்கள், குவளை மாதிரி மழைநீர் நிற்கும். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும். கணுவுக்கு மேலே ஒட்டினாற்போல் வெட்டினால் தண்ணீர் தேங்க இடமே இருக்காது. பழைய கட்டைகளைப் பிளந்துவிடுங்கள், அல்லது மணல் நிரப்புங்கள்.

மூன்று வருஷமாகியும் கழி பருக்கவில்லை. என்ன உரம் போடலாம்?

முளைத்து வந்த கழி எந்த உரத்துக்கும் பருக்காது. முளைக்கும்போது என்ன தடிமனோ, கடைசிவரை அதுதான். புதர் பலப்பட்டால் அடுத்தடுத்து வரும் கழிகள் தடிக்கும். மட்கிய கோழி எருவைச் சுற்றிலும் போட்டு, மண் அணையுங்கள். ஓரத்து இளசை வெட்டவே வெட்டாதீர்கள்.