டியூப் இரையில் பாஸ் கடிப்பதே தெரியவில்லை, வால் மட்டும் பிய்ந்து வருகிறது. என் தவறு என்ன?

நீங்கள் எழுதியிருப்பதன்படி, மிச்சிகனில் சென்ற ஆண்டுதான் தூண்டில் போடத் தொடங்கியிருக்கிறீர்கள். பாஸ் மீனுக்காக டியூப் இரையை, அதாவது வாலில் இழைகள் தொங்கும் உள்ளீடற்ற மென்பிளாஸ்டிக் குழாயை எறிந்தால், மீன் கடிப்பது கைக்குத் தெரிவதில்லை. ஆனால் சுருட்டி எடுத்துப் பார்த்தால் வால் இழைகள் பிய்ந்திருக்கின்றன. பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மீன் கடித்துவிட்டுத்தான் போயிருக்கிறது. இழைகளைப் பெர்ச் போன்ற சிறு மீன்களும் கொறிக்கும் என்பதால் பிய்ந்த வால் ஒவ்வொன்றையும் பாஸின் கணக்கில் எழுத முடியாதுதான். ஆனாலும் சில கடிகளையாவது நீங்கள் தவறவிட்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். கடுமையாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். இரண்டு கோடைக்காலம் முழுவதும் நானும் இதே நிலையில்தான் இருந்தேன்.

அப்போது எனக்கு அறிவுரை சொன்ன அனைவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: மீன் கடித்தால் கையில் தெரியும். டியூபைப் பொறுத்தவரை இது பாதி பொய். பாஸ் மீன் நாயைப் போல இரையைக் கவ்வி இழுப்பதில்லை. வாயைச் சட்டென்று விரித்துத் தண்ணீரோடு இரையையும் உறிஞ்சிக்கொள்கிறது. பிடிக்கவில்லையென்றால் அதே வேகத்தில் துப்பிவிடுகிறது. டியூப் இறங்கிக்கொண்டிருக்கும்போது தூண்டில் நரம்பு தளர்ந்திருக்குமாதலால், இந்த உறிஞ்சலும் துப்பலும் உங்கள் கைக்கு வந்து சேர்வதற்கு வழியே இல்லை. கண்ணுக்குத்தான் தெரியும். இறங்கிக்கொண்டிருந்த நரம்பு, டியூப் தரையைத் தொடும் நேரத்துக்கு முன்பே நின்றுவிடும், அல்லது தண்ணீரின் மேல் கிடக்கும் பகுதி பக்கவாட்டில் ஒரு விரலளவு நகரும். அந்த விரலளவுதான் கடி. எனவே ரீலில் பளிச்சென்ற மஞ்சள் நிறப் பின்னல் நரம்பைச் சுற்றி, அதன் முனையில் 8 பவுண்டு தாங்கும், நீரில் எளிதில் தெரியாத ஃபுளோரோகார்பன் நரம்பைச் சில அடிகள் முடிந்துகொள்ளுங்கள். மஞ்சள் நிறம் மீனுக்காக அல்ல, உங்கள் கண்ணுக்காக.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பக்கத்து வீட்டு முதியவர். ஒரு ஜூன் மாதக் காலையில் செயின்ட் கிளேர் ஏரிக்குத் தம் படகில் என்னை அழைத்துச் சென்றார். அந்த ஏரி பரப்பில் பெரியது, ஆனால் சராசரி ஆழம் ஏறக்குறைய 11 அடிதான். காற்று அடித்தால் படகு தானாகவே நகர்ந்துகொண்டிருக்கும். இருவரும் ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்த 3.5 அங்குலப் பச்சைப் பூசணி நிற டியூபையும், ஒரே 3/8 அவுன்ஸ் ஜிக் தலையையும்தான் (எடைக்குண்டோடு சேர்ந்த முள்) பயன்படுத்தினோம். நண்பகலுக்குள் அவர் ஒன்பது ஸ்மால்மவுத் பாஸ் பிடித்து விட்டுவிட்டார். நான் பிடித்தது ஒன்று. அதுவும் பாஸ் அல்ல. காணொளிகளில் பார்த்ததைப் போலக் கோலை உயர்த்தி உயர்த்தி டியூபைத் துள்ளவைத்துக்கொண்டிருந்தேன். அவரோ கோலைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, காற்றோடு படகு நகரும் வேகத்தில் டியூபைத் தரையில் இழுபட விட்டிருந்தார். சோம்பேறித்தனமாக மீன் பிடிக்கிறார் என்று மனதுக்குள் நினைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவருடைய ஒன்பதாவது மீன் படகுக்குள் வந்ததும் பாதி செரித்த ஒரு சிறு மீனைக் கக்கியது. ரவுண்ட் கோபி. நாம் உளுவை என்று சொல்லும் இனத்தின் உறவுதான். கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியிலிருந்து கப்பல்கள் சமநிலைக்காக அடித்தளத்தில் நிரப்பிக்கொள்ளும் நீரோடு வந்த இந்த மீன், 1990இல் செயின்ட் கிளேர் ஆற்றில்தான் இக்கண்டத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இதற்கு நீந்துபை கிடையாது. மற்ற மீன்களைப் போல நடுநீரில் மிதந்து நிற்க இதனால் முடியாது. தரையை ஒட்டிச் சிறிது ஊர்ந்து, நின்று, மறுபடி ஊரும். முதியவர் அந்த மீனை என் டியூபின் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு, “உன் கோபி பறக்கிறது, என் கோபி நடக்கிறது” என்றார். அதன் பிறகு நானும் இழுக்கத் தொடங்கினேன். மாலைக்குள் ஐந்து மீன்கள் பிடித்தேன். அவர் எத்தனை பிடித்தார் என்பதை எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

இப்படித் தரையில் இழுக்கும்போது நரம்பு ஓரளவு விறைப்பாக இருக்கும் என்பதால் கடி கையில் தெரியும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். சில நேரம் தெரியும். பெரும்பாலும் டியூப் பாசியில் சிக்கியது போல, அல்லது திடீரென்று கனம் கூடியது போல ஒரு மாற்றம் மட்டுமே இருக்கும். அந்தச் சந்தேகம் எழுந்தால் பலமாக வெட்டி இழுக்காமல், தளர்ச்சியைச் சுருட்டி எடுத்துவிட்டுக் கோலைப் பக்கவாட்டில் சீராக இழுங்கள். டியூப் உள்ளீடற்றது என்பதால் மீனின் வாயில் நசுங்கிவிடும். முள் ஏறுவதற்குப் பெரிய விசை வேண்டியதில்லை. பாசியாக இருந்தால் நட்டம் ஒன்றுமில்லை.

இறங்கும்போது கடிக்கவைப்பது வேறு கலை. காற்றில்லாத நாளில், தெளிந்த நீரில், பாறைச் சரிவுகளிலும் படகுத்துறைகளின் நிழலிலும் அதுவே சிறந்தது. அங்கே 1/8 அவுன்ஸ் தலை போதும். தலையை நனைத்து, வாலின் திறந்த பக்கத்திலிருந்து உடலுக்குள் தள்ளி, நரம்பு கட்டும் வளையம் மட்டும் மூக்கருகே வெளியே துருத்தும்படி குத்தி எடுக்க வேண்டும். லேசான தலை உள்ளே இருக்கும் டியூப், தளர்ந்த நரம்பில் திருகுசுழலாக வட்டமிட்டபடி இறங்கும். டியூபின் பெருமையே அந்தச் சுழல்தான். நரம்பை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு இறக்கினால் சுழல் செத்துவிடும்; ஊசல் போல உங்களை நோக்கி நேராக வந்துவிடும். கடி கையில் தெரிய வேண்டும் என்பதற்காக நரம்பை விறைப்பாக வைத்திருப்பவர்கள், எந்தக் காரணத்துக்காக மீன் கடிக்குமோ அந்தக் காரணத்தையே அழித்துவிடுகிறார்கள். உங்கள் தவறும் இதுவாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன்.

டியூப் பழைய சரக்கு, இப்போது டிராப்ஷாட்தான் (எடையைக் கீழே கட்டி, முள்ளை அதற்கு மேலே நிறுத்தும் முறை) என்று எழுதச் சிலர் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் போட்டிகளில் கலந்துகொள்பவன் அல்ல, டிராப்ஷாட்டைக் குறை கூறவும் இல்லை. இரை வடிவமைப்பாளர் பாபி கார்லண்ட் உருவாக்கிய கிட்சிட் டியூப் அமெரிக்க மேற்கு மாநிலங்களின் தெளிந்த ஏரிகளுக்காகப் பிறந்தது உண்மைதான். ஆனால் 1998இல் வட கரோலினாவின் ஹை ராக் ஏரியில் தொழில்முறைத் தூண்டில்காரர் டென்னி பிரௌவர், பாஸ் பிடிக்கும் பெரும் போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக் பட்டத்தை வென்றது, கரையோர மறைவிடங்களில் டியூபை இறக்கித்தான். பழையது என்பதற்காக மீன் அதைப் புறக்கணிப்பதில்லை.

கடைக்காரர் ஒருவர் என்னிடம் பதினோரு நிற டியூப்களை விற்றார். முள்ளின் வாய் அகலத்தைப் பற்றி, அதாவது அதன் முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி, ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. தடித்த டியூபை, முள்முனையைப் பிளாஸ்டிக்குக்குள் மறைத்து வைக்கும் டெக்சாஸ் ரிக் முறையில் கோத்தால், குறுகிய வாய் கொண்ட முள் பிளாஸ்டிக்கிலேயே புதைந்துவிடும். அகலவாய் முள் வேண்டும். நிறத்துக்குப் பச்சைப் பூசணியும் புகை நிறமும் இருந்தால் நெடுநாள் ஓட்டலாம்.

பிய்ந்த டியூப்களை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. தண்ணீரில் எறியாதீர்கள். ஜூலை மாதத்தில் உணவுக்காக வைத்துக்கொண்ட ஒரு பாஸை அறுத்தபோது, அதன் வயிற்றில் யாரோ வீசிய டியூப் ஒன்று ஊறிப் பருத்து, தக்கை போல அடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். படகின் ஓரத்தில் நின்று அலட்சியமாக அதைச் சுண்டிவிடுபவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை. இதனால் படகுத்துறையில் சிலர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அதற்காக வருந்தவில்லை.

கடைசியாக ஒன்று. 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்ட வரிக்குதிரை மட்டிகள் இன்று தரைப் பாறைகளில் படர்ந்து கிடக்கின்றன. அவற்றின் ஓட்டு விளிம்பு கத்திக்குச் சமம். டியூபைத் தரையில் இழுக்கத் தொடங்கினால், சில எறிதல்களுக்கு ஒருமுறை முள்ளுக்கு மேலுள்ள மூன்று அடி நரம்பை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால், அடுத்த மீனுக்காகக் காத்திராமல் அந்த இடத்திலேயே வெட்டி மறுபடி கட்டிவிடுங்கள்.