தெரசா மே விலகியிருக்க வேண்டிய நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியது) பற்றி நண்பர்களுடன் நடந்த ஒரு விவாதத்தைத் தொடர்ந்து இதை எழுதுகிறேன். தான் பேசி முடித்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் 230 வாக்கு வித்தியாசத்தில் நாடாளுமன்றம் தூக்கி எறிந்த பிறகும் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே பதவியில் ஒட்டிக்கொண்டிருந்தார். மறுநாளே நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றும் விட்டார். இது என்ன ஜனநாயகம்? பேச்சுவார்த்தையில் தோற்ற பிரதமர் விலகுவதுதானே முறை? அன்றே அவர் போயிருந்தால் அந்த ஆண்டு முழுக்க நடந்த இழுபறி மிச்சமாகியிருக்கும் என்பது என் வாதம். யார் வந்திருந்தாலும் இதே கதைதான் என்கிறார் நண்பர். அப்படியானால் அவருக்குப் பின் வந்த போரிஸ் ஜான்சன் மட்டும் எப்படி முடித்துக் காட்டினார்?

க., மதுரை

அன்புள்ள க.,

தெரசா மே விலகியிருக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் நாளில் அல்ல. அதற்கு 19 மாதங்களுக்கு முன்பே, 2017 ஜூன் 9 அன்று அவர் விலகியிருக்க வேண்டும். 2019 ஜனவரியில் விலகியிருந்தால், வெளியேறும் கெடுவுக்கு மிச்சமிருந்த கொஞ்ச நாட்களும் வீணாகியிருக்கும்.

நீங்கள் குறிப்பிடும் அந்த இரண்டு நாட்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஜனவரி 15 இரவு ஒப்பந்தத்துக்கு ஆதரவாக 202 வாக்குகள், எதிராக 432. எதிர்த்தவர்களில் 118 பேர் மேயின் சொந்தக் கன்சர்வேட்டிவ் கட்சியினர். மறுநாள் எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் தலைவர் ஜெரமி கோர்பின் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 306–325 என்று தோற்றது. நம் கண்ணுக்கு இது விந்தையாகத் தெரியக் காரணம் இருக்கிறது. 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தபிறகு இங்கே கொறடா உத்தரவை மீறினால் உறுப்பினர் பதவியே பறிபோகலாம். பிரிட்டனில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. மீறியவரைக் கட்சிக் குழுவிலிருந்து விலக்கி வைக்கலாம், ஆனால் தொகுதி அவரிடமேதான் இருக்கும். ஆகவே ஒரு கொள்கையில் தோற்பதும் ஆட்சியை இழப்பதும் அங்கே வேறு வேறு.

ஆனாலும் இரண்டையும் சேர்த்துக் கட்டும் வழி ஒன்று முன்பு பிரதமரின் கையில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் சமூக உரிமைப் பிரிவு தொடர்பான வாக்கெடுப்பில் 1993 ஜூலை 22 அன்று அப்போதைய பிரதமர் ஜான் மேஜர் 316–324 என்று தோற்றார். மறுநாள் அதே விஷயத்தை நம்பிக்கைத் தீர்மானமாக்கிக் கொண்டுவந்தார். இதில் தோற்றால் நாடாளுமன்றம் கலையும், தேர்தலைச் சந்திக்க வேண்டும் என்றார். முந்தைய நாள் முரண்டுபிடித்தவர்கள் தொகுதியை நினைத்துத் திரும்பி வந்தார்கள். 339–299 என்று வென்றார்.

மேயின் காலத்தில் அந்த வழி அடைபட்டிருந்தது. 2011இல் நிறைவேறிய நிலையான பதவிக்கால நாடாளுமன்றச் சட்டத்தின்படி, சட்டத்தில் குறிப்பிட்ட வாசகத்துடன் வரும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் மட்டுமே ஆட்சியைக் கவிழ்க்கும். அது நிறைவேறிய 14 நாட்களுக்குள் வேறு அரசு நம்பிக்கை பெறாவிட்டால்தான் தேர்தல். ஒப்பந்தத்தோடு தேர்தல் மிரட்டலைச் சேர்க்கப் பிரதமருக்கு வழியில்லை. விளைவு, செவ்வாய்க்கிழமை ஒப்பந்தத்தைக் கிழித்தவர்கள் புதன்கிழமை எந்தச் செலவும் இல்லாமல் அரசைக் காப்பாற்றினார்கள். வட அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது அங்குள்ள டி.யு.பி. கட்சியின் கொள்கை. மேயின் அரசைத் தாங்கிநின்ற அந்தக் கட்சிக்கு இருந்தது 10 வாக்குதான். அந்தப் பத்தும் இடம் மாறியிருந்தால் 316–315 என்று ஒரே வாக்கில் ஆட்சி போயிருக்கும். அவர்களுக்கு ஒப்பந்தம் வேண்டாம், ஆனால் அரசு வேண்டும். இந்த இரட்டை நிலையைச் சாத்தியமாக்கியது அந்தச் சட்டம். மேயின் பிடிவாதத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், இதைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை.

இனி நாள்கணக்கு. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவின்படி விலகல் அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். மே அறிவிப்புக் கொடுத்தது 2017 மார்ச் 29. இரண்டு ஆண்டு முடிவில் ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரிட்டன் வெளியே. கெடுவை நீட்டிக்க மற்ற 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஜனவரி 16 அன்று மிச்சமிருந்தவை 72 நாட்கள். கன்சர்வேட்டிவ் தலைவர் தேர்தல் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அதே ஆண்டில் பார்த்தோம். தெரசா மே விலகலை அறிவித்தது மே மாதம் 24 அன்று, ஜான்சன் வென்றதாக அறிவிப்பு வந்தது ஜூலை 23. சரியாக 60 நாட்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் சுற்றுச் சுற்றாக வாக்களித்து இருவராகக் குறைக்க வேண்டும், பிறகு கட்சி உறுப்பினர்களுக்கு அஞ்சல் வாக்கு. ஜனவரியில் இதைத் தொடங்கியிருந்தால் மார்ச் 17 அளவில் புதிய தலைவர் வந்திருப்பார். பன்னிரண்டே நாட்கள், அதே நாடாளுமன்றம், அதே எண்ணிக்கை. 2016இல் போல எதிர்ப் போட்டியாளர் இடையிலேயே ஒதுங்கினால் சீக்கிரம் முடியலாம்தான். ஆனால் கட்சி அத்தனை ஆழமாகப் பிளந்து கிடந்தபோது யாரும் ஒதுங்கியிருக்க மாட்டார்கள் என்றே கருதுகிறேன்.

அப்படியானால் 2017 ஜூன் ஏன்? 2016 பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் வெளியேறச் சொன்னார்கள். எப்படி வெளியேறுவது என்று வாக்குச்சீட்டில் எதுவும் இல்லை. அந்த 'எப்படி'யை மே தானே நிரப்பினார். 2017 ஜனவரி 17 அன்று லங்காஸ்டர் மாளிகையில் பேசியபோது, ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையில் (பொது விதிகளின்கீழ் சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஏற்பாடு) இருக்க மாட்டோம், சுங்க ஒன்றியத்தின் (பொதுவான இறக்குமதி வரி, தங்களுக்குள் சுங்கம் இல்லை) முழு உறுப்பினராக இருக்க மாட்டோம், ஐரோப்பிய நீதிமன்றத்தின் அதிகாரம் இங்கே செல்லாது என்று கோடு கிழித்தார். பிறகு அறிவிப்பைக் கொடுத்துக் கெடுவை ஓடவிட்டார். அதற்குப் பிறகுதான், பேச்சுவார்த்தையில் என் கையை வலுப்படுத்துங்கள் என்று கேட்டுத் தேர்தலை அறிவித்தார். ஜூன் 8 தேர்தலில் மக்கள் கொடுத்த பதில், பெரும்பான்மை பறிபோனது.

2019 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டது ஓர் ஒப்பந்தம். 2017 ஜூனில் அவர் தன் பெயரைச் சொல்லி, தன் கோடுகளைக் காட்டிக் கேட்ட அதிகாரமே மறுக்கப்பட்டது. ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் பேச்சு இன்னும் தொடங்கவில்லை, ஜூன் 19தான் முதல் அமர்வு. கெடுவுக்கு 21 மாதங்கள் இருந்தன. அதில் இரண்டு மாதத்தைப் புதிய தலைவருக்காகச் செலவழித்திருக்கலாம். வருபவர் அந்தக் கோடுகளைக் கிழிக்காதவர் என்பதால் அழிக்கவும் முடிந்திருக்கும். கோர்பின் வந்துவிடுவார் என்ற பயமும், ஒருமித்த வாரிசு இல்லாததும் மேயைக் காப்பாற்றின. அந்தப் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. ஜூன் 26 அன்று டி.யு.பி.யுடன் உடன்பாடு கையெழுத்தானது. வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு, பதிலுக்குப் பத்து வாக்கு.

அந்தப் பத்து வாக்கோடு நான்காவது கோடு ஒன்றும் வந்து சேர்ந்தது. அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலான எல்லை ஏறத்தாழ 500 கி.மீ. 1998இன் புனித வெள்ளி உடன்பாட்டுக்குப் பின் அமைதியான அந்த எல்லையில் மறுபடியும் சோதனைச் சாவடி எழக்கூடாது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. பிரிட்டன் சுங்க ஒன்றியத்தையும் ஒற்றைச் சந்தையையும் விட்டு வெளியேறினால் சரக்கை எங்காவது சோதித்தாக வேண்டும். நில எல்லையில் கூடாது என்றால் ஐரிஷ் கடலில், அதாவது பிரிட்டன் தீவுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே. அதை டி.யு.பி. ஏற்காது. கடலிலும் கூடாது என்றால் முழு பிரிட்டனும் சுங்க ஏற்பாட்டுக்குள் இருக்க வேண்டும். அதை மேயின் கட்சியிலுள்ள தீவிரப் பிரெக்ஸிட் அணி ஏற்காது. 'பேக்ஸ்டாப்' என்ற காப்பு ஏற்பாடு இந்த மூன்றாவது வழிதான். வேறு தீர்வு கிடைக்கும்வரை முழு நாடும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பரப்பில் இருக்கும், இரு தரப்பும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் வெளியேற முடியும். தனியாக வெளியேற சட்ட வழி இல்லை என்று மேயின் அட்டர்னி ஜெனரல் ஜெஃப்ரி காக்ஸே அறிவுரை கொடுத்தார். 585 பக்க ஒப்பந்தம் உடைந்தது இந்த ஓர் இடத்தில். அதைப் பேச்சுவார்த்தைத் திறமைக் குறைவு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றோடொன்று பொருந்தாத வாக்குறுதிகளோடு போனவர் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் இதைவிட மேலாக எதுவும் கொண்டுவந்திருக்க முடியாது.

கட்சி அவரை வெளியேற்ற முயலவில்லையா என்று கேட்கலாம். முயன்றது, தவறான நேரத்தில். அன்றைய கன்சர்வேட்டிவ் விதிப்படி கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் 15 சதவீதம் பேர், பதவியில் இல்லாத உறுப்பினர்களின் அமைப்பான 1922 குழுவின் தலைவருக்குக் கடிதம் கொடுத்தால் தலைவர்மீது இரகசிய வாக்கெடுப்பு. அப்போதைய கணக்கில் 48 கடிதம். எத்தனை சேர்ந்தன என்பது அப்போது குழுத் தலைவராக இருந்த கிரஹாம் பிரேடிக்கு மட்டுமே தெரியும். 2018 டிசம்பர் 12 அன்று வாக்கெடுப்பு நடந்தது. அடுத்த தேர்தலில் தலைமை தாங்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து 200–117 என்று மே தப்பினார். வென்றால் ஓராண்டுக்கு மறுபடி வாக்கெடுப்பு இல்லை என்பது அன்றைய விதி. ஆகவே ஐந்து வாரம் கழித்து 230 வாக்கில் தோற்றபோது அவருடைய கட்சியின் கையில் ஆயுதம் இல்லை. அவசரக்காரர்கள் அதை ஏற்கெனவே செலவழித்திருந்தார்கள்.

நான் உண்மையிலேயே குறை சொல்வது 2019 மார்ச் 27ஐத்தான். இரண்டாம் முறை 149 வாக்கில் தோற்ற பிறகு, ஒப்பந்தத்தை நிறைவேற்றிக் கொடுங்கள், அடுத்த கட்டப் பேச்சுக்கு முன் நான் போய்விடுகிறேன் என்று மே தன் கட்சியினரிடம் சொன்னார். விலகலையே விலையாக வைத்தார். ஜான்சன், டொமினிக் ராப், ஜேக்கப் ரீஸ்-மாக் போன்று அதுவரை எதிர்த்த கட்சிக்காரர்கள் ஆதரவுப் பக்கம் வந்தார்கள். மார்ச் 29 அன்று வித்தியாசம் 58ஆகக் குறைந்தது, 286–344. கன்சர்வேட்டிவ் தரப்பில் அன்று எதிர்த்தவர்கள் 34 பேர். அவர்கள் அத்தனை பேரும் மனம் மாறியிருந்தால் 320–310 என்று நிறைவேறியிருக்கும்.

ஆனால் அந்த வாக்குறுதி எதிர்வரிசையில் என்ன செய்தது என்று பாருங்கள். விலகல் ஒப்பந்தம் தீர்த்து வைத்தது பணம், குடிமக்கள் உரிமை, அயர்லாந்து எல்லை ஆகியவற்றை. வணிக உறவு எப்படி இருக்கும் என்பது சட்டக் கட்டுப்பாடு இல்லாத 26 பக்க அரசியல் அறிக்கையில் மட்டுமே இருந்தது. அதை ஒப்பந்தமாக்கப் போகிறவர் அடுத்த பிரதமர். வெளியேறச் சொன்ன தொகுதிகளிலிருந்து வந்த தொழிற்கட்சி உறுப்பினர்கள் சிலர் தயங்கித் தயங்கி மேயை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். யார் வருவார் என்றே தெரியாத ஒருவருக்கு வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடச் சொன்னால் அவர்கள் எப்படிப் போடுவார்கள்? அன்று ஆதரித்த தொழிற்கட்சியினர் ஐந்தே பேர். ஏப்ரலில் கோர்பினுடன் தொடங்கிய பேச்சும் இதே காரணத்தால்தான் பட்டுப்போனது. இந்த அரசு கொடுக்கும் வாக்கை அடுத்து வருபவர் காப்பாற்றுவார் என்ற உறுதி இல்லை என்று சொல்லி மே 17 அன்று கோர்பின் முடித்துக்கொண்டார். போகப்போகிறேன் என்று அறிவித்துவிட்ட பிரதமரால் பேரம் பேச முடியாது. விலகுவதென்றால் உடனே விலக வேண்டும், இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

ஜான்சனைப் பற்றிய உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒப்பந்தத்தை இனித் திறக்க முடியாது என்று ஒன்றியம் சொல்லிக்கொண்டிருந்தது, அவர் வந்ததும் திறந்தது. ஆனால் அது திறந்தது பிரிட்டன் தன் கோட்டை அழித்ததால். வட அயர்லாந்தை மட்டும் ஒன்றியத்தின் சுங்க விதிகளுக்குள் வைக்கும் வரைவை 2018 பிப்ரவரியிலேயே ஐரோப்பிய ஆணையம் முன்வைத்தது. எந்தப் பிரிட்டிஷ் பிரதமரும் அதை ஏற்க முடியாது என்று மே மறுத்தார். ஜான்சன் 2019 அக்டோபர் 10 அன்று லிவர்பூலுக்கு அருகே அயர்லாந்துப் பிரதமர் லியோ வராட்கரைச் சந்தித்த பிறகு ஏறத்தாழ அந்த இடத்துக்கே திரும்பி வந்தார். ஒரு வாரத்தில் ஒப்பந்தம். சோதனை ஐரிஷ் கடலுக்குப் போனது, டி.யு.பி. கைவிடப்பட்டது. அப்போதும் பழைய நாடாளுமன்றத்தில் அதை முடிக்க முடியவில்லை. டிசம்பர் 12 தேர்தலில் 365 இடங்கள், 80 பெரும்பான்மை என்று வந்த பிறகே நிறைவேறியது. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இது. ஆள் மாறியது மட்டும் போதவில்லை, கோடும் மாறி, சபையும் மாற வேண்டியிருந்தது. அப்படி முடித்ததன் கணக்கும் சேர்ந்தே வந்தது. அந்தக் கடல் எல்லையை எதிர்த்து 2022இல் டி.யு.பி. வெளியேறியதால் வட அயர்லாந்தின் ஆட்சிமன்றம் இரண்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது.

பதவியில் இருப்பவர் தோற்றுவிட்டாரா என்று மட்டும் கேட்டால் போதாது. வருபவரால் இவரால் முடியாத எதைச் செய்ய முடியும், அதற்குக் காலம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். 1940 மே மாதம், நார்வேயில் நடந்த போர் பற்றிய விவாதத்தில் அன்றைய பிரதமர் நெவில் சேம்பர்லின் தோற்கவில்லை, 281–200 என்று வென்றார். ஆனாலும் போனார். தொழிற்கட்சி அவருக்குக் கீழ் கூட்டரசில் சேர மறுத்தது, சர்ச்சிலுக்குக் கீழ் சேர்ந்தது. விலகல் ஒரு கதவைத் திறந்தது. 2017 ஜூனில் அப்படி ஒரு கதவு இருந்தது, 2019 ஜனவரியில் இல்லை.

2011ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி வரும் பிரிட்டிஷ் பிரதமர் மேஜரைப் போல ஒப்பந்தத்தையும் தேர்தலையும் ஒரே வாக்கெடுப்பில் கட்ட முடியும். அப்படிக் கட்டியும் ஒருவர் தோற்றால், விலகல் அல்லது தேர்தல் என்ற இரண்டைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது.