நெரைன் கிழங்குகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை தொடங்கியதும் என் நெரைனின் இலைகள் மஞ்சளாகி மடிந்துவிட்டன. அன்றாடம் தண்ணீர் விட்டும் தளிர்க்கவில்லை. காப்பாற்ற முடியுமா?

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். நெரைன் என்ற இந்தப் பூக்கிழங்குச் செடியில் சிற்றினங்கள் பல, எந்தச் சிற்றினம் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் சொல்லும் எந்தப் பதிலும் ஊகமே. சார்னியென்சிஸ் என்றால் உங்கள் செடிக்கு நோய் எதுவுமில்லை. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மலைகளில், குளிர்காலத்தில் மழை பெய்து கோடையில் நிலம் காயும் இடத்தில் வளர்வது அது. ஆகவே குளிர்காலம் முழுவதும் இலை விட்டு, வெயில் ஏறியதும் இலையை உதிர்த்து உறங்கிவிடும். கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தொட்டியை வெயிலில் காய விட்டு, பூமொட்டின் நுனி தலைகாட்டிய பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். குழைந்து நாற்றமடித்தால், நீங்கள் விட்ட தண்ணீரே அதைக் கொன்றிருக்கிறது.

இலையே இல்லாமல் பூந்தண்டு மட்டும் வருவது குறையா?

இல்லை. சார்னியென்சிஸில் அதுதான் முறை. இலை பின்னால் வரும்.

எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும்?

தொட்டியில் நட்டால் கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். நிலம் உறையும் அளவுக்குக் குளிரும் இடங்களில், பௌடெனி என்ற சிற்றினத்தை மட்டும் நிலத்தில் சற்று ஆழமாக வைக்கலாம். மண்ணில் மணலும் பொடிக்கல்லும் தாராளமாக இருக்கட்டும். உறங்கும் கிழங்குக்குத் தண்ணீர் வேண்டாம் என்பதை இங்கும் சொல்லி வைக்கிறேன்.

படம் இணைத்துள்ளேன். சிவப்புப் பூ. விற்றவர் சார்னியென்சிஸ் என்றார். சரிதானா?

ஒரு பூவை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்து, இலை, தண்டு, பூத்த மாதம் எதையும் குறிப்பிடாமல் பெயர் கேட்கும் கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. நிறத்தை வைத்து நெரைனை அடையாளம் காண முடியாது. காட்டில் வளரும் சார்னியென்சிஸ் பெரும்பாலும் செக்கச்செவேலென்று இருப்பது உண்மைதான். ஆனால் தோட்டக் கலப்பினங்களில் வெள்ளை முதல் கருஞ்சிவப்பு, ஊதா வரை எல்லா நிறங்களும் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, கிழக்காசியாவைச் சேர்ந்த லைக்கோரிஸ் ரேடியேட்டா என்ற வேறொரு செடியை நெரைன் என்று பெயரொட்டி விற்பது. இரண்டும் சிவப்பு, இரண்டும் இலையின்றிப் பூப்பவை, இரண்டின் இதழ்களும் பின்னோக்கி வளைந்தவை.

இந்தக் குழப்பம் பழையது. பாரிஸ் தோட்டமொன்றில் பூத்த சார்னியென்சிஸைப் பற்றி 1635-ல் எழுதிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜாக் கோர்னூ, அதை ஜப்பானிய நார்சிஸஸ் (நார்சிஸஸ் வேறொரு பூக்கிழங்குச் செடி) என்றே குறித்தார். பிற்காலத்தில் கேப் டவுனின் டேபிள் மலையில் அது இயல்பாக வளர்வது தெரிய வந்தும், அது ஜப்பானிலிருந்து வந்தது என்ற கதை எளிதில் ஓயவில்லை. அன்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாதிருந்தது. இன்று பெயரொட்டி விற்பவருக்கு அந்தச் சாக்கு இல்லை.

பார்க்க வேண்டியவை இவை. லைக்கோரிஸில் மகரந்தத்தாள்கள் இதழைவிட மிக நீளமாக, வில்லாக வளைந்து வெளியே பரந்து நிற்கும். சார்னியென்சிஸில் அவை ஏறக்குறைய நேராக நிமிர்ந்திருக்கும், இதழ்களில் வெயில் பட்டால் பொன்துகள் தூவியது போல் மின்னும். லைக்கோரிஸ் இலை ஒடுங்கியது, கரும்பச்சை, நடுவே வெளிறிய கோடு ஓடும். சார்னியென்சிஸ் இலை அகன்ற பட்டை, கோடு இராது. நெரைன் விதை சதைப்பற்றானது, லைக்கோரிஸ் விதை கறுத்துக் கடினமானது. ஆனால் பரவலாக வளர்க்கப்படும் லைக்கோரிஸ் மும்மடிய வகை, அதாவது குரோமோசோம்கள் மூன்று தொகுதிகளாக உள்ளது, அது விதை கட்டுவதில்லை. எனவே விதை வரவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். உங்கள் படத்தில் மகரந்தத்தாள்கள் பாதியில் வெட்டுப்பட்டுள்ளன. இலை வந்ததும் அளவுகோலை அருகில் வைத்து மீண்டும் படமெடுத்து அனுப்புங்கள்.

பௌடெனியை எப்படிப் பிரித்தறிவது?

பூ பெரியது, இளஞ்சிவப்பு, இதழ் விளிம்பு நெளிநெளியாக இருக்கும், மகரந்தத்தாள்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து நுனியில் மேலே வளையும். கிழக்குக் கேப்பும் டிராகன்ஸ்பர்க் மலைகளும் அதன் தாயகம். அங்கு மழை கோடையில் பெய்வதால் கோடையில் வளர்ந்து குளிர்காலத்தில் உறங்கும். சார்னியென்சிஸுக்குச் சொன்ன நீர்க்கணக்கு இதற்கு நேரெதிர். இரண்டையும் ஒரே தொட்டியில் நட்டுவிட்டு ஒன்று மட்டும் அழுகுகிறதே என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருக்கும் இதுவே பதில்.

புல் போன்ற மெல்லிய இலை, ஆண்டு முழுவதும் பச்சை. ஃபிலிஃபோலியாவா, மேசோனியோரமா?

பூந்தண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். தண்டெங்கும் குறுமயிர் அடர்ந்திருந்து செடியும் குட்டையாக இருந்தால் மேசோனியோரம் எனக் கொள்ளலாம். ஃபிலிஃபோலியா பொதுவாக அதைவிட உயரமானது. கிழக்குக் கேப்பின் காட்டிடங்களில் மேசோனியோரம் மிக அரிதாகிவிட்டதால், கையிலிருப்பதைப் பெயரட்டையோடு தனித்தொட்டியில் வைத்துப் பேணுங்கள். உறக்கம் தெளிவாகத் தெரியாத சிற்றினங்கள் என்பதால் இவற்றை முற்றிலும் காய விட வேண்டியதில்லை.

இலை திருகு திருகாகச் சுருள்கிறது. எந்த மருந்து தெளிப்பது?

கிரிகெய் என்ற சிற்றினமாக இருந்தால் எதையும் தெளிக்காதீர்கள். அதன் இலை பிறவியிலேயே முறுக்கியது.

நான்கைந்து ஆண்டுகளாக இலை செழிக்கிறது, பூ இல்லை. இன்னும் உரம் இடலாமா?

கூடாது. தழைச்சத்து மிகுந்த உரம்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். அடுத்த பூவின் கரு கிழங்குக்குள் பல மாதங்கள் முன்பே உருவாகிவிடுவதால், இன்று செய்யும் திருத்தத்தின் பலனை இந்தப் பருவத்திலேயே எதிர்பார்க்க முடியாது. முழு வெயிலில் வையுங்கள், சாம்பல்சத்து மிகுந்த உரத்தை வளர்பருவத்தில் மட்டும் நீர்த்துக் கொடுங்கள், உறங்கும் கிழங்குக்குத் தண்ணீர் வேண்டாம். கிழங்குகள் நெருங்கிக் கிடப்பதால் கெடுதல் இல்லை. ஆண்டுதோறும் பிரித்து நட்டு வேரைக் குலைப்பதுதான் பூவைத் தள்ளிப்போடும்.

விதையை எத்தனை நாள் உலர்த்தி நட வேண்டும்?

ஒரு நாள்கூட உலர்த்தக் கூடாது. காயிலிருந்து உதிர்ந்தவுடன் ஈர மணல்மேல் பரப்புங்கள், மூட வேண்டாம். சில விதைகள் செடியிலேயே முளைவிடத் தொடங்கிவிடும். பூப்பதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பிடிக்கும்.

உறங்கும் கிழங்குகளைச் சமையலறைக் கூடையில் வெங்காயத்தோடு வைத்திருக்கிறேன். தவறில்லையே?

உடனே எடுத்துவிடுங்கள். நெரைன் கிழங்குகளில் லைகோரின் போன்ற நச்சு ஆல்கலாய்டுகள் உள்ளன, தின்றால் கடுமையான வாந்தி வரும். பெயரெழுதிய பையில், குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.