பேசாமல் இருப்பதும் பாவமா?

"நான் தவறு செய்யவில்லை, பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். அதுவும் பாவமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிறிஸ்தவப் பார்வையில், ஆம், பாவமாகலாம். நன்மை செய்யத் தெரிந்தும் செய்யாமல் போனால் அது பாவம் என்கிறது பைபிளில் யாக்கோபு 4:17. லேவியராகமம் 5:1 இன்னும் கறார்: கண்டதை அறிந்த சாட்சி வாயைத் திறக்காவிட்டால் குற்றம் அவன் தலையில். கத்தோலிக்கர் பாவ அறிக்கை ஜெபத்தில் சிந்தனை, சொல், செயலோடு 'கடமையில் தவறியதையும்' சேர்த்துச் சொல்வது இதனால்தான்.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனும், ஆலயப் பணி செய்யும் லேவியனும், வழியில் கிடந்த அடிபட்டவனைத் தொடக்கூட இல்லை. விலகிப் போனார்கள், அவ்வளவுதான். ஒரு கூட்டத்தில் சக ஊழியர்மேல் பொய்ப் பழி விழும்போது நாம் போனைக் குனிந்து பார்ப்போமே, அதே விலகல்தான் அது.

1945 அக்டோபரில் ஜெர்மன் புராட்டஸ்டண்ட் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் அறிக்கை வெளியிட்டு, நாஜி ஆட்சிக் காலத்தில் இன்னும் துணிவாகச் சாட்சி சொல்லாமல் போனோமே என்று தங்களையே குற்றம்சாட்டிக்கொண்டார்கள். அந்த ஆட்சி கொன்று குவித்த யூதர்களை அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பது வேறு கதை. அங்கேயும் ஒரு மௌனம்!

சரி, இயேசுவே தன்னை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் மௌனமாக நின்றாரே? நின்றார், தன்மேல் சாட்டிய குற்றத்துக்கு. கல்லெறியப்பட இருந்த பெண்ணுக்காகப் பேசினார். அப்புறம், உயிருக்குப் பயந்து வாய் மூடியவரையும் வசதிக்காக மூடியவரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.